மாலையைக் கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கல்பட்டுப் பேருந்து நிலையம் முதல் மாமல்லபுரத்துக் கடற்கரை வரை மாலை அணிந்தவர்களைக் காண்கிறோம். கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் உடுத்திச் சபரிமலைக்குப் புறப்படுவோர் ஒருபுறம். தைப்பூசத்தை ஒட்டிச் செவ்வாடை அணிந்து மேல்மருவத்தூருக்குச் செல்வோர் மறுபுறம். அந்த ஆண்களில் நாள்தோறும் இரண்டு கட்டுப் பீடி குடித்தவர்கள் உண்டு. சிகரெட் இல்லாமல் காலைத் தேநீர் இறங்காது என்றவர்களும் உண்டு. மாலை கழுத்தில் ஏறிய அன்றே பீடிக்கட்டு சட்டைப்பையை விட்டு இறங்கிவிடுகிறது. ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், பலர் புகையைத் தொடுவதே இல்லை. பிறகு மலைக்குச் சென்று திரும்புகிறார்கள், மாலையைக் கழற்றுகிறார்கள். அடுத்த சில நாட்களில் தேநீர்க்கடை வாசலில் பழைய இடத்தில் பழைய பீடியோடு நிற்கிறார்கள்.

அவர்களுள் சிலர் ஓரிரு மாதங்கள் கழித்து இருமலோடும் மூச்சுத்திணறலோடும் எங்களிடம் வருகிறார்கள். புகையை விட வேண்டும் என்று சொன்னால், “என்னால் முடியாது டாக்டர், எனக்கு அந்த அளவுக்கு மனஉறுதி இல்லை” என்கிறார்கள். உடன் வந்த மனைவியோ மகனோ அதை ஆமோதிக்கிறார்கள். இந்தக் கூற்றை நாங்கள் ஏற்பதில்லை. 48 நாட்கள் விட்டிருந்தவரிடம் உறுதி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் உறுதி இருந்தது. மாலையைக் கழற்றியபோது அவரைத் தாங்கி நின்ற சுற்றம்தான் விலகிப் போயிற்று. புகையை விடுவது தனி ஒருவரின் வேலை அன்று, அவரோடு வாழ்பவர்கள் அனைவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்பதே எங்கள் கருத்து.

உடல் கேட்பதும் ஊர் கேட்பதும்

புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையைச் சென்றடைகிறது. நாள்தோறும் பலமுறை இவ்வாறு பழகிய மூளை, அது கிடைக்காதபோது எரிச்சலையும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் கிளப்புகிறது. புகையை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாட்களில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு வாரங்களில் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கை விரதத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 48 நாட்கள் முடியும்போது உடலின் தேவை ஏறத்தாழ ஓய்ந்திருக்கிறது. கடினமான பகுதியை அந்த மனிதர் கடந்துவிட்டார். ஆகவே அவரை மீண்டும் பீடிக்கு இழுத்துச் செல்வது உடலின் வேட்கை மட்டும் அன்று. பழைய இடமும் பழைய வேளையும் பழைய கூட்டாளிகளும் நீட்டுகிற ஒரு பீடியுமே அவரை இழுக்கின்றன.

விரதம் என்ன செய்தது? முதலில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தது. “பார்க்கலாம், குறைத்துக்கொள்கிறேன்” என்ற தள்ளிப்போடலுக்கு அங்கே இடமில்லை. இரண்டாவதாக, அவர் எடுத்த முடிவை ஊரறியச் செய்தது. மாலையைக் கண்ட எவரும் அவருக்குப் பீடி நீட்டமாட்டார்கள். கடைக்காரரே கொடுக்கத் தயங்குவார். மூன்றாவதாக, முன்னரே பலமுறை நடந்து பழகிய ஒரு குருசாமியைத் துணையாகத் தந்தது. நான்காவதாக, அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேரோடு அவரைச் சேர்த்தது. ஐந்தாவதாக, வீட்டையே மாற்றியது. சமையல் மாறியது, பேச்சு மாறியது. நேற்றுவரை ஏச்சு வாங்கியவரை வீடே “சாமி” என்று அழைத்தது.

இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. ரமலான் மாதத்தில் விடியல் முதல் அந்தி வரை புகையின்றி இருக்கும் இசுலாமிய நண்பர்களும், தவக்காலத்தில் புகையை ஒறுக்கும் கிறித்தவ மீனவர்களும் இதே கடற்கரையில்தான் வாழ்கிறார்கள். தர்காவும் மாதா கோவிலும் ஒருங்கே உள்ள கோவளத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவரைச் சுற்றியிருப்போர் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டை மதிக்கும்போது, தனக்கு இயலாது என்று அவர் நினைத்திருந்தது இயல்கிறது.

நம் மாவட்டத்திற்கு இது ஏன் முதன்மையானது?

புகை என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது புற்றுநோய். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் எங்கள் மார்புநோய்ப் பிரிவில் நாங்கள் வேறொன்றையும் எண்ணிக் கவலைப்படுகிறோம். அது காசநோய்.

1968-ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி குறித்த மாபெரும் ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. உலக மருத்துவ நூல்களில் நம் மாவட்டத்தின் பெயரால் அறியப்படும் ஆய்வு அது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பு அளிக்கிறது. ஆகவே குழந்தைகளுக்குப் போடுவதைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் நாற்பது வயது மீனவரின் நுரையீரலுக்கு அது கவசம் ஆகாது.

அடுத்த செய்தி நம் எல்லைக்கு அருகிலிருந்தே வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பீட்டோவும் பிறரும் செய்த ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி என்று அது காட்டியது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் இறப்புக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். பீடி இலையால் சுற்றப்பட்டது, அதனால் தீங்கு குறைவு என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. அதன் புகையில் நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. கருங்கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்ணிய தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். காசநோய்க் கிருமிக்கு வழி திறந்துவிடும். உளியால் செதுக்கிய காலத்தைவிட மின்கருவியால் அறுக்கும் இக்காலத்தில் தூசி மிகுதி. தூசியோடு புகையும் சேர்ந்தால் இரண்டு பகைவர்கள் ஒரே வாசலில் நுழைவதற்கு ஒப்பாகும். கல்லை நனைத்து அறுப்பதும் முகக்கவசம் அணிவதும் எவ்வளவு இன்றியமையாதவையோ, பட்டறையில் பீடியை விடுவதும் அவ்வளவு இன்றியமையாதது.

ஒருவர் விட்டால் மற்றவரும் விடுவார்

“சுற்றம் துணை நின்றால் விட முடியும் என்பது நல்ல வார்த்தை, அதற்குச் சான்று உண்டா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவின் பிராமிங்காம் நகரத்தை மையமாகக் கொண்டு, ஒருவருக்கொருவர் உறவும் நட்பும் உடைய 12,067 பேரின் புகைப்பழக்கத்தை 1971 முதல் 2003 வரை ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2008-இல் வெளியாயின. கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடும், உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடும், சிறிய நிறுவனத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 விழுக்காடும் குறைந்தது. மக்கள் ஒருவர் ஒருவராக விடவில்லை, கூட்டம் கூட்டமாகவே விட்டார்கள் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

வீட்டின் வலிமையை நம் ஊரே உலகுக்குக் காட்டியிருக்கிறது. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்து ஆராய்ந்தது. நல்ல உணவும் ஓய்வும் பெற்றுச் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாக வீட்டில் இருந்தவர்களும் குணமடைந்தார்கள். அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. இன்றும் காசநோய் மருந்து உண்பவருக்குச் சிகிச்சைத் துணையாளர் ஒருவரை அமர்த்துகிறோம். மருந்து உண்ணவே துணை தேவைப்படும்போது, பல்லாண்டுப் பழக்கத்தை விடுபவரைத் தனியே விட்டுவிட்டு “உனக்கு மனமில்லை” என்று குறை சொல்வது முறையாகாது.

படகு, பட்டறை, தேநீர்க்கடை

ஆகவே குடும்பத்தாரோடு நின்றுவிடாமல், புகை பிடிக்கப்படும் இடங்களையும் நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம். கொக்கிலமேட்டிலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ விடியுமுன் புறப்படும் ஒரு ஃபைபர் படகில் மூன்று நான்கு பேர் செல்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் விட முயன்றால், கரை திரும்பும்வரை மற்றவர்களின் புகை நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். படகில் ஏறும் அனைவரும் ஒரே நாளில் விட்டால் அந்த இடர் இல்லை. கரையில் வலை பின்னும் கூடத்திற்கும் இது பொருந்தும். மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் இடைவேளையில் வாசலுக்கு வரும் ஐந்து நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

நம் கடற்கரைக்குக் கூட்டுக் கட்டுப்பாடு புதிதன்று. மீன்வளம் பெருகவேண்டி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஊரில் இறப்பு நேர்ந்தாலோ திருவிழா வந்தாலோ தொழிலுக்குப் போகக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் கேட்கும் குப்பங்கள் இங்கே உண்டு. வலைக்கூடத்தில் புகை வேண்டாம் என்று முடிவெடுக்க அத்தகைய ஊருக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதலே நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. ஊர் அதைத் தன் விதியாக ஏற்க வேண்டும், அவ்வளவே.

இத்தகைய முயற்சி நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர், கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகடையாகச் சென்று வணிகர்களிடம் பேசினார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில், வணிகர்கள் சிகரெட் விற்பதைத் தாமாகவே நிறுத்தினார்கள். 2019-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இது நடந்திருந்தது. அவற்றுள் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 22 ஊர்கள். பெட்டிக்கடைக்காரரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நேர்மையான கேள்வி. அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விட்டுவிட்டேன் என்று சொன்னவருக்கு, கடனுக்கோ சில்லறைக்குப் பதிலாகவோ ஒற்றைச் சிகரெட்டைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். மாலை போட்டவருக்குச் செய்யும் மரியாதையை மாலை இல்லாதவருக்கும் செய்யுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வீட்டாருக்குச் சில சொற்கள்

ஊர் துணை நிற்க வேண்டும் என்றால், ஊர் கூடி ஏச வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ளக் கூடாது. அபராதமும் அவமானமும் புகையை நிறுத்துவதில்லை, மறைவிடத்துக்கு அனுப்புகின்றன. மறைந்து புகைப்பவர் மருத்துவரிடமும் மறைப்பார். அவருக்கு உதவி கிடைக்காமலே போகும். நோயாளியின் மனைவியைக் காவலராக்குவதும் தவறு. சட்டைப்பையைத் துழாவுவதும் வாயை முகர்ந்து பார்ப்பதும் அவருக்குத் துன்பம் தருமேயன்றிப் பயன் தருவதில்லை.

அதற்கு மாறாகச் செய்யத்தக்கவை சில உள்ளன. புகையை விடும் நாளை நோயாளியே குறிக்கட்டும். அதை நாட்காட்டியில் எல்லாரும் காண எழுதுங்கள். அன்று முதல் வீட்டில் உறவினர் எவரும் புகைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தீப்பெட்டியும் சாம்பல் கிண்ணமும் கண்ணில் படாமல் அகலட்டும். முதல் மூன்று நாட்கள் அவர் சிடுசிடுப்பார். அதை மருந்தின் பக்கவிளைவைப் போலப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு குவளைத் தண்ணீரோ, தெருக்கோடி வரை ஒரு நடையோ, தொலைபேசியில் ஒரு நண்பரின் குரலோ போதுமானது. குருசாமியைப் போல, முன்பே விட்டு வெற்றி கண்ட ஒருவரைத் துணையாகத் தேடிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இடையே ஒரு நாள் தவறிப்போனால், “இவ்வளவுதானா உன் உறுதி?” என்று கேட்காதீர்கள். இத்தனை நாள் விட்டிருந்ததை எண்ணிக் காட்டி, மறுநாளே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். நிலையாக விட்டவர்களில் பலர், பலமுறை முயன்று விட்டவர்களே. பீடியை விட்டு உதட்டில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது விடுதலை அன்று, வாய்ப்புற்றுநோய்க்கான வழி.

துணையோடு மருந்தும் வேண்டும். மருந்தும் ஆலோசனையும் இன்றித் தனியே முயல்வோரில் ஓராண்டு தாங்குவோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் வேட்கையைத் தணிக்கும். சூயிங்கத்தை மிட்டாயைப் போல இடைவிடாது மெல்லக் கூடாது. சிலமுறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து தேநீரும் காப்பியும் அருந்தக் கூடாது. புப்ரோபியான், வரெனிக்ளின் போன்ற மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றி வாங்காதீர்கள். வலிப்பு, மனநோய், இதயநோய், கருவுற்ற நிலை ஆகியவற்றில் எதுவும் இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணிலும் ஆலோசனை பெறலாம். சிகரெட், பீடி உறைகளிலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

“இந்த வயதில் விட்டு என்ன ஆகப் போகிறது?” என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு இதற்கு விடை தந்திருக்கிறது. புகையை 30 வயதில் விட்டவர்கள் விடாதவர்களைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தார்கள். 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகள், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகள், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகள். அறுபது வயதில் கிடைக்கும் மூன்று ஆண்டுகள் சிறியவை அல்ல. ஒரு பேத்தியின் திருமணத்தைக் காண்பதற்கு அவை போதும்.

எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒருவரிடம் பேச எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மீதியுள்ள நேரமெல்லாம் அவர் உங்களோடு இருக்கிறார். ஆகவே அடுத்த முறை வரும்போது நோயாளியையும் மருந்துச்சீட்டையும் மட்டும் அழைத்து வராதீர்கள். அவரோடு ஒரே படகில் செல்பவரையும், ஒரே பட்டறையில் உளி பிடிப்பவரையும், ஒரே தேநீர்க்கடையில் நிற்பவரையும் சேர்த்து அழைத்து வாருங்கள். அவர்கள் அனைவரிடமும் ஒன்றாகப் பேசவே நாங்கள் விரும்புகிறோம்.